ஞாயிற்றுக்கிழமைச் சுவரொட்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். பள்ளியில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரும் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன். ஆனால் இதை எழுத உட்கார்ந்திருப்பது அவர்கள் மேல் உள்ள கோபத்தில் இல்லை. என் மேலேயே உள்ள கோபத்தில். நான் செய்த தப்பில் எனக்குக் கூட்டாளிகளும் உண்டு. அவர்களையும் சும்மா விடப்போவதில்லை.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகத் தாவரவியல் நடத்துகிறேன். பிளஸ் ஒன்னில் சுவாசித்தல் என்று ஒரு பாடம். குளுக்கோஸ் என்கிற சர்க்கரை செல்லுக்குள் பத்துப் படிகளில் உடைந்து பைருவேட் ஆகும். உடையும்போது கிடைக்கும் சக்தியில்தான் செல் பிழைக்கிறது. ஒவ்வொரு படியையும் முடித்துக்கொடுக்க ஒரு நொதி உண்டு. பத்தாவது படியின் நொதிக்குப் பெயர் பைருவேட் கைனேஸ். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அளவெடுத்த பெயர். வருடா வருடம் பத்துப் படிகளையும் கரும்பலகையில் மேலிருந்து கீழாக எழுதி, அம்புக்குறி போட்டு, வகுப்பையே எழுப்பி நிறுத்தி ஒப்பிக்க வைப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லவேண்டும் என்பேன். சொல்வார்கள். அதில் எனக்கு அப்படியொரு பெருமை.

அந்த நொதி என் மகளின் ரத்தத்தில் ஒழுங்காக வேலை செய்யவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினேழு வருடம் ஆயிற்று.

பிறந்த மறுநாளே உடம்பு மஞ்சள் பூத்துவிட்டது. நீல விளக்குக்கு அடியில் போட்டு எடுத்தார்கள். எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான் என்றார்கள். நானும் சரி என்றேன். ஆனால் மூன்று வயதிலும் வந்தது, ஐந்து வயதிலும் வந்தது. சளி, காய்ச்சல் என்று படுத்தால் போதும், கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிடும். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் ஊற்றினோம். உப்புக் கூடாது, எண்ணெய் கூடாது என்று பத்தியம் வைத்து அந்தச் சின்ன வயிற்றைக் காயப்போட்டோம். நாலு நாளில் மஞ்சள் தானாக இறங்கும். "பாத்தியா, கேக்குது" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். கேட்கிறதாம்! எதைக் கேட்டது?

மஞ்சள் இறங்கினால் வெளுப்பு தெரியும். பஸ் நிறுத்தத்தில், கல்யாண வீட்டில், கோயில் வாசலில், பார்க்கிறவர்கள் எல்லாரும் அவள் கண்ணை இழுத்துப் பார்ப்பார்கள். "புள்ளைக்கு ரத்தமே இல்லையே டீச்சர், இரும்புச்சத்து குடுங்க." ரத்தம் இல்லை என்றால் இரும்புதான். இதில் யாருக்காவது சந்தேகம் வருமா? எனக்கும் வரவில்லை. போன கிளினிக்குகளிலும் யாருக்கும் வரவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, அளவு குறைவு என்று சொல்லி, டானிக் பெயரைக் கிறுக்கித் தந்தார்கள். ஏன் குறைவு என்று ஒருவராவது நிமிர்ந்து பார்த்துக் கேட்டிருந்தால்!

பள்ளியில் வாரம் ஒரு நாள் பெண் பிள்ளைகளுக்கு இரும்பு மாத்திரை உண்டு. வரிசையில் நிறுத்திக் கொடுக்கிறவள் நான்தான். மாத்திரையைக் குறை சொல்லமாட்டேன். எத்தனையோ பிள்ளைகள் அதனால் தெம்பாகி இருக்கிறார்கள். என் மகளுக்கு வாரம் ஒன்று பத்தாது என்று நானாக முடிவு செய்தேன். கடையில் வாங்கி வைத்துக்கொண்டு தினம் ஒன்று. "முழுங்கு. வாயைத் தொற, காட்டு." வயிறு வலிக்கிறது என்பாள். நடிக்காதே என்பேன்.

ஞாயிற்றுக்கிழமையானால் சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரலை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். தின்றால் ரத்தம் ஊறும் என்பது எங்கள் ஊரில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். கறிக்கடைக்காரர் டீச்சர் வீட்டுக்கு என்று தனியாக எடுத்து வைப்பார். என் கணவர் காலையிலேயே போய் இலையில் சுற்றி வாங்கி வருவார். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு வதக்கி அவள் தட்டில் மட்டும் வைப்பேன். அவளுக்குக் குமட்டும். கடைசித் துண்டு உள்ளே இறங்கும்வரை நான் பக்கத்திலேயே நிற்பேன்.

என் கணவரைச் சொல்லவேண்டும். அவர் எனக்குத் தாய்மாமன், அம்மாவின் கடைசித் தம்பி. இன்றைக்கும் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். நிலம் வெளியே போய்விடக் கூடாது என்று வீட்டில் பேசி முடித்தார்கள். நான் அப்போதே எம்.எஸ்ஸி. படித்தவள். பட்டாணிச் செடியை வைத்து மரபியலைக் கரைத்துக் குடித்தவள். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் என்ன வரும் என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதியவள். எழுதிவிட்டு வந்து மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டேன். படித்தது வேறு, வாழ்வது வேறு என்று நினைத்தேனா? நினைக்கவே இல்லை, அதுதான் உண்மை. மாமா நல்ல மனிதர்.

நல்ல விவசாயியும்கூட. ஒரு வயலில் எடுத்த நெல்லை அதே வயலில் மூன்று போகத்துக்கு மேல் விதைக்கமாட்டார். விதை மாற்றவேண்டும் என்று சீர்காழிப் பக்கம்வரை பஸ் ஏறிப் போய் வாங்கி வருவார். நெல்லுக்குச் செய்யத் தெரிந்ததை மனுஷருக்குச் செய்ய எங்கள் இரண்டு வீட்டிலும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மகள் பிளஸ் ஒன்னில் என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்குள் நான் அம்மா இல்லை, டீச்சர். அப்படித்தான் கண்டிப்பாக வைத்திருந்தேன். அன்றைக்குப் பத்துப் படிகளையும் எழுதி முடித்துத் திரும்புகிறேன், அவள் கை தூக்கியிருக்கிறாள்.

"டீச்சர், இதுல ஒரு நொதி மட்டும் இல்லன்னா என்ன ஆகும்?"

"அதெல்லாம் பரீட்சைல வராது. கடைசிப் படிக்கு என்ன நொதி, அதைச் சொல்லு."

"பைருவேட் கைனேஸ்."

"உட்காரு."

உட்கார்ந்தாள். வகுப்பு சிரித்தது. நான் டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்தேன்.

மறு வருடம் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி தாங்காமல் பெஞ்சில் சுருண்டுவிட்டாள். அப்போது நான் நடிக்காதே என்று சொல்லவில்லை. தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பை நிறையக் கல், மண்ணீரலும் வீங்கிக் கிடக்கிறது என்றார்கள். பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பித்தக் கல் எப்படி வரும் என்று அங்கேதான் முதல்முதலாக ஒருத்தர் கேட்டார். ரத்த நோய்களுக்கான மருத்துவர், என்னைவிட வயது குறைந்த பெண். ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். சில வாரம் கழித்து எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உடம்புல இரும்பு ரொம்ப ஏறிக் கிடக்குதுங்க. ஈரல்ல படிஞ்சிருக்கு. இப்படியே விட்டா ஈரல் கெட்டுடும், இருதயத்தையும் பாதிக்கும். இத்தனை நாளா இரும்பு யாரு குடுத்தா?"

"நான்தான்."

"ரத்தம் குறைவா இருக்கறதுக்கு இரும்பு காரணமே இல்லீங்க. சிவப்பணு சீக்கிரமே உடைஞ்சுடுது. அதனாலதான் மஞ்சள், அதனாலதான் கல். இந்த நோய் உள்ளவங்களுக்கு இரும்பு தானாவே உடம்புல சேரும். அதுக்கு மேல நீங்க வேற குடுத்துருக்கீங்க."

"சுவரொட்டி கூட வாரா வாரம்..." என்றார் மாமா மெதுவாக.

"சாப்பாட்டுல வர்றது கொஞ்சம்தாங்க. மாத்திரையும் டானிக்கும்தான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தார். "ஒரு நொதி குறைபாடுங்க. பேரு கொஞ்சம் வாய்ல நுழையாது."

வாயில் நுழையாதா? இருபது வருடமாக என் வாயில் புரண்ட பெயர். பக்கத்தில் மகள் அந்தத் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவ பள்ளிக்கூடத்துல கோ-கோ விளையாட்டுல ஓடுவாளேம்மா, எல்லாரையும் விட வேகமா" என்று மாமா கேட்டார். அந்த ஓட்டத்தை வைத்துத்தான் நாங்கள் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தோம். கடைசிப் படி அடைபடும்போது அதற்கு முன்னால் வேறொரு பொருள் தேங்குகிறது, அது இருக்கிற ரத்தத்தை ஆக்சிஜனைத் தாராளமாக விட வைக்கிறது, அதனால்தான் குறைந்த ரத்தத்திலும் ஓடியிருக்கிறாள் என்றார் மருத்துவர். அவள் உடம்பு தன்னால் முடிந்ததை எல்லாம் செய்திருக்கிறது. நாங்கள்தான் ஒன்றும் செய்யவில்லை. செய்தது எல்லாம் தப்பு.

ஊருக்கு வந்த பிறகு மாமாவுக்கு வரப்பில் நின்று விளக்கினேன். ஐப்பசி மழை பெய்து நடவு வயல் முழுகிக் கிடந்தது.

"முழுகின பயிரு எத்தனை நாள் தாங்கும் மாமா?"

"ஒரு வாரம். திடமான பயிருன்னா இன்னும் நாலு நாள்."

"உள்ள காத்தே கிடையாதே, எதை வச்சுத் தாங்குது?"

"சேத்து வச்சத வச்சுத்தான்."

"அதான். சேத்து வச்ச சர்க்கரையைக் காத்து இல்லாம உடைச்சு, அந்தக் கொஞ்ச சக்தில உசுரைப் பிடிச்சிருக்கு. சிவப்பணு பொறந்ததுலேருந்து சாகற வரைக்கும் அப்படித்தான் பிழைக்குது. அதுக்கு வேற வழியே கிடையாது. இவளுக்கு அந்த வழியிலயே கடைசிப் படி சரியில்ல. சக்தி பத்தாம அணு விறைச்சுப் போவுது. மண்ணீரல் அதைப் பிடிச்சு அழிச்சுடுது."

மாமா குனிந்து, மிதந்த நாற்றுகளைக் கையால் ஒதுக்கினார். "எங்கிட்டேருந்தா வந்துச்சு?" என்றார்.

"உங்ககிட்டேருந்து பாதி, எங்கிட்டேருந்து பாதி. ரெண்டு பாதியும் ஒரே வீட்டுலேருந்து."

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து டானிக் பாட்டில்களை எல்லாம் எடுத்துக் கொல்லையில் போட்டு உடைத்தேன். கண்ணாடியைப் பொறுக்க அரை நாள் ஆயிற்று.

தடுப்பூசிகள் போட்டு, பித்தப்பையையும் மண்ணீரலையும் எடுத்தார்கள். வாரா வாரம் ஆட்டுடைய சுவரொட்டியை ஊட்டிய பிள்ளைக்குக் கடைசியில் அவளுடைய சுவரொட்டியையே எடுக்கும்படி ஆயிற்று. ரத்த அளவு ஓரளவு ஏறி நின்றது. இப்போது தினமும் காலையில் ஈரலில் உள்ள இரும்பை வெளியேற்ற ஒரு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறாள். காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஈரல் பிழைக்குமா என்பதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறோம். இரும்பு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் மெதுவாக. நான் ஏற்றிய வேகத்தில் இறங்கவில்லை.

அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம் சேர்ந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வந்தார். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, ஆப்பிள், பூ. அவர் மகன் என் மகளுக்கு முறைப்பையன். எனக்கு எதற்கு வந்திருக்கிறார் என்று வாசலிலேயே புரிந்துவிட்டது.

"நீதானம்மா சொன்னே. தொட்டில்ல போட்ட அன்னைக்கே, அண்ணா இவ உன் மருமகள்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். புத்தி இல்லாம சொன்னேன்."

"இப்ப நாங்க வேணாம்னா சொல்றோம்? வயித்தக் கிழிச்ச பொண்ணு, மாத்திரைல ஓடுற பொண்ணு. வெளிலேருந்து எவன் வருவான்? நம்ம ரத்தம், நாமதானே பாத்துக்கணும்."

மகள் உள்ளறையில் இருக்கிறாள், எல்லாம் கேட்கும் என்று தெரிந்தேதான் பேசினார்.

"நம்ம ரத்தம்னு இன்னொரு தடவை சொன்னே, மரியாதை கெட்டுடும்ணா! நம்ம ரத்தம்தான் அவளை இந்தக் கதிக்குக் கொண்டாந்துருக்கு. எடு தட்டை."

"படிச்ச திமிரு" என்று அண்ணன் மாமாவைப் பார்த்தார். அதற்குள் மகளே வெளியில் வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

"மாமா, அத்தானை ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கச் சொல்லுங்க. நான் கட்டிக்கிறதுக்குச் சொல்லல. அவர் யாரைக் கட்டினாலும் தெரிஞ்சு வச்சுக்கணும்ல."

"அவன் நல்லாத்தானே இருக்கான். பாக்காட்டி என்ன ஆயிடும்? நீ போ, உள்ள போய் உட்காரு" என்று அண்ணன் கையை அசைத்தார்.

அந்தக் கையசைப்பு எனக்குத் தெரியும். டஸ்டர் பிடித்த கையால் நானே அசைத்திருக்கிறேன்.

"என்ன ஆகும்னா கேக்குறே? சொல்றேன், உட்காருண்ணா" என்றேன். சொன்னேன். சர்க்கரை உள்ளே போவதிலிருந்து ஆரம்பித்தேன். பத்தாவது படி, அது நின்றால் அணு எப்படி விறைக்கும், எப்படி உடையும், உடைந்தது எப்படி மஞ்சளாகும், கல்லாகும், இரும்பு எப்படி ஈரலில் ஏறும், பார்க்க நல்லாத்தான் இருக்கிற ஒருத்தன் உடம்பில் பாதிக் கோளாறு எப்படிச் சத்தமில்லாமல் இருக்கும், அப்படிப்பட்டவனை இவளுக்குக் கட்டினால் பிறக்கிற பிள்ளைக்கு என்ன வரும், எல்லாம் சொன்னேன். குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல், ஒரு வரிகூட ஒப்பிக்காமல் நடத்தினேன். அண்ணன் பாதியிலேயே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். காப்பியைத் தொடவில்லை.

மகள் மட்டும் கதவில் சாய்ந்து கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்ததும் காப்பி டம்ளரை எடுத்தாள்.

"இதை அன்னைக்கே கிளாஸ்ல சொல்லிருக்கலாம்லம்மா" என்றாள்.

கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.