பாடத்தில் கேட்ட குரல்

பெரிய விடுதி ஒன்றின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. நீராவிக்கு நடுவே நின்று படுக்கை விரிப்புகளை மடிப்புப் பிசகாமல் தேய்ப்பாள். ஊரையே பேசி மடக்குகிற வாய். ஆனால் விருந்தினர் யாராவது ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டுவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மாடி மேற்பார்வையாளர் வேலை காலியாகப் போகிறது, ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும் என்றார்கள். ஊழியர்கள் பேசிப் பழகுவதற்கென்றே விடுதி ஒரு செயலி கொடுத்திருந்தது. அதற்குப் பாடங்கள் தயாரிப்பவள் அக்காவின் சொந்தத் தங்கை; மேல்மாடி அலுவலகத்தில் இருந்தாள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான்.

"கூச்சப்படாம பேசிப் பதிவு பண்ணுக்கா. நான் மட்டும்தான் கேப்பேன்" என்றாள் தங்கை.

அந்தத் தைரியத்தில் அக்கா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தேய்த்தபடியே பேசினாள். உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஒரு பாடம் கேட்டது. யாரிடமும் வாய்திறக்காததை அதனிடம் சொன்னாள்: "மை ஹஸ்பண்ட் கோயிங். நாட் கமிங். ஐ வெயிட்டிங் எவ்ரி டே."

சில வாரம் கழித்துப் புதுப் பாடம் வந்தது. தலைப்பு, 'தவறைக் கண்டுபிடியுங்கள்'. சாப்பாட்டு இடைவேளையில் ஆளாளுக்குத் திறந்தார்கள். கைபேசிக்குக் கைபேசி அவள் குரல்: "ஐ வெயிட்டிங் எவ்ரி டே." பின்னால் நீராவி சீறுவதுகூடக் கேட்டது. ஒருவன் சிரித்தான், யார் குரல் என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பைக்கூடத் தாங்கியிருப்பாள், அந்தக் குனிந்த தலையைத்தான் தாங்க முடியவில்லை.

நேராக மேலே ஏறிப் போனாள்.

"பேரு போடலையேக்கா" என்றாள் தங்கை, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "நிஜமான தப்பா இருந்தாத்தான் மனசுல நிக்கும்."

"எதுடி தப்பு? நான் பேசினதா, காத்திருக்கறதா?"

தங்கை அன்றே பாடத்தை எடுத்துவிட்டாள்தான். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? சலவைப் பிரிவில் அக்காவை எல்லோரும் பரிதாபமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

அவள் செயலியை அழித்தாள். மின்தூக்கியிலும் தாழ்வாரத்திலும் விருந்தினர்களிடமே தட்டுத்தடுமாறிப் பேசிப் பழகினாள். நேர்காணலில் பதறவில்லை, வேலை கிடைத்தது.

வாழ்த்த வந்த தங்கை "அக்கா" என்று கையைப் பிடித்தாள். அக்கா மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, "தேங்க் யூ, மேடம்" என்றாள்.

இப்போதும் தங்கையிடம் அவள் பேசுவது ஆங்கிலத்தில்தான். அதுவும் வேலை விஷயம் மட்டும்.