மிளகாய்க் கலண்டரும் ஆறுமணிக் குருவியும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு அலுமாரிகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நின்றன. சேலைகள் கட்டிலில். அரிசி டின் ஹோலில். நானோ... உட்கார இடமில்லாமல் நடுவில்.

எல்லாம் ஒரு குருவியால் வந்த வினை!

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் புதர் மண்டிய ஒரு துண்டு பற்றைக்காணி. அதை வெட்டிக் கார் பார்க் ஆக்குவோம் என்று பிளாட் கமிட்டிக்கு ஒரு கடிதம் போயிற்று. முதல் கையெழுத்து யாருடையது? என்னுடையதுதான். ரோட்டில் கார் நிறுத்தி, பக்கக் கண்ணாடியை இரண்டு தடவை பறிகொடுத்தவன் வேறென்ன செய்வான், சொல்லுங்கள்?

இரண்டாம் மாடி ஆரணி விடவில்லை. பல்கலைக்கழகத்தில் பறவைகளை ஆராய்கிற பிள்ளை. மழைக்காலம் தொடங்கும்போது அந்தப் பற்றைக்கு ஆறுமணிக் குருவி வருகிறதாம்... இந்தியாவிலிருந்து! காலையும் மாலையும் ஆறு மணிக்குக் கத்துமே, அதுதான்.

“மழை பிந்தின வருசங்களிலயும் குருவி தவறாமல் வந்த இடம் எதுவோ, அதைத்தான் முதல்ல காப்பாத்தோணும், அன்ரி. ஆனா பழைய குறிப்பு ஒருத்தரிட்டையும் இல்லை,” என்று என் மனைவி சுகந்தியிடம் குறைப்பட்டாள்.

“என்னட்ட இருக்கு,” என்றாள் சுகந்தி.

எனக்குத் தேத்தண்ணீர் புரைக்கேறியது.

விஷயம் இதுதான். சுகந்தி கறித்தூளுக்கு மிளகாயை மொட்டைமாடியில் காயப்போடுகிறவள். குருவி கத்தினால் மழை கிட்ட வந்துவிட்டது, மிளகாயை உள்ளே எடு — அது அவள் சட்டம். குருவி வந்த நாள், முதல் மழை பெய்த நாள், காஸ் சிலிண்டர் மாற்றிய நாள்... எல்லாம் சமையலறைக் கலண்டரில் ஏறும். பத்துப் பதினைந்து வருடமாக!

அந்தக் கலண்டர்கள் எங்கே? வருடம் முடிந்ததும் அவற்றை அலுமாரித் தட்டுகளில் விரித்த புண்ணியவான் நான். ஆகவே கிளப்பும் வேலையும் எனக்கே. ஒவ்வொரு தாளாக வெளியே வர, ஆரணி துள்ளினாள். சுகந்தி துள்ளினாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடைசியில் நானும் துள்ளினேன். மழை பிந்திய வருடங்களில் குருவியும் சில நாள் பிந்தியிருக்கிறது. வராத வருடம் ஒன்றுகூட இல்லை!

செவ்வாய்க்கிழமை கமிட்டி மேசையில் ஆரணி அந்தத் தாள்களைப் பரப்பினாள். எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை, நடுவே குருவி. அரை மணித்தியாலமாக ஒருவரும் காரைப் பற்றிக் கதைக்கவில்லை. பற்றை தப்பியது. கடிதத்தில் முதல் கையெழுத்தை நானே வெட்டினேன்.

கார் இன்னும் ரோட்டில்தான். நேற்று மாலை ஆறு மணிக்குப் பின்பக்கம் அந்தக் குரல்! சுகந்தி மிளகாயை எடுக்க மொட்டைமாடிக்கு ஓடினாள்.

பேனையைத் தூக்கிக்கொண்டு கலண்டருக்கு ஓடியது... நான்.