செவித்திறன்: இயல்பு

கல்லூரி முதலாண்டில் ஒரு குழந்தையைப் பற்றி நான் நிரப்பிய தாளில் 'செவித்திறன்: இயல்பு' என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் அடித்திருந்தேன். அத்தனை தன்னம்பிக்கையோடு நான் செய்த தவறு வேறொன்று இல்லை. அறுபதுகளில், செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த எங்கள் குடும்பத்திலிருந்து மெட்ராசுக்குப் படிக்கப் போன முதல் பெண் நான். கல்வியும் குழந்தை வளர்ச்சியும் என் பாடம். "புள்ள வளக்கக் கூடவா காலேஜி?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். விடுமுறையில் ஒரு குழந்தையைப் பதினைந்து நாள் கவனித்து எழுதிவர வேண்டும். பார்க்கலாம், எழுதலாம், குறுக்கே மட்டும் போகக் கூடாது என்பது விரிவுரையாளர் அம்மா போட்ட நிபந்தனை. என் அண்ணன் மகள், இரண்டரை வயதுப் பாப்பா, கையோடு கிடைத்தாள்.

கடைக்கு மேலே மரப்பலகை பாவிய மச்சில் அண்ணி குடியிருந்தார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் கீழே வருவதே அபூர்வம். "மகாராணிக்கு மச்ச வுட்டு எறங்க மனசு வராது" என்று அம்மா முணுமுணுப்பாள். நானும் அதைத் திமிர் என்றுதான் நினைத்தேன். பாப்பாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அது அண்ணனின் வாகு என்றார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர் அவர். நான் கூப்பிட்டால் பாப்பா திரும்ப மாட்டாள். அண்ணி அவள் முதுகுப் பக்கம் நின்று கூப்பிட்டாலும் சட்டென்று திரும்பிவிடுவாள். 'தாயின் குரலை மட்டுமே ஏற்கிறது. பிடிவாதம் மிகுதி' என்று எழுதினேன். கூப்பிடும்போது அண்ணி காலால் பலகையை ஒரு தட்டுத் தட்டுவதையும் எழுதி, 'பழக்கம்' என்று பக்கத்தில் குறித்துவைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் அண்ணன் மல்லாட்டை எடுக்க வல்லம் போயிருந்தார். அம்மா கோயிலில். வரப்போகும் அந்த வேர்க்கடலைச் சாக்குகளை ஒதுக்க இடம் பார்க்கலாமென்று அண்ணி கீழே இறங்கினார். பாப்பாவும் பின்னாலேயே படியிறங்கி, கடை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டாள். திண்டிவனம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அண்ணி கத்தினார். கத்திக்கொண்டே கடையின் கருங்கல் தரையில் காலை ஓங்கி ஓங்கித் தட்டினார். பாப்பா திரும்பவில்லை. நான் ஓடிப்போய் அவளை அள்ளினேன். காதைக் கிழிக்கும் அந்தச் சத்தத்தில் அவள் என் ஜிமிக்கியை ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மச்சுக்கு வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வருசமா எனக்குத் தெரியும்மா. பலக அதிர்ந்தாத்தான் அவ திரும்புவா. அதான் கீழ எறங்கறதில்ல. நீ எழுதிடாத. ஊமைன்னு பேர் வச்சிட்டாங்கன்னா அப்பறம் யாரு அவகிட்ட வாயத் தொறந்து பேசுவாங்க?"

அவரை மகாராணி என்று நினைத்த வெட்கம் எனக்கு இன்றும் போகவில்லை. பிற்பாடு எத்தனையோ ஆண்டுகள் இதே பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் அண்ணி நினைவுக்கு வருவார். அன்று நிபந்தனையை மீறிக் குறுக்கே போனேன்.

"இன்னிக்கி நான் இருந்தேன் அண்ணி. நாளைக்கி? மெட்ராஸ்ல இந்த மாதிரி புள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்குது. ஒதட்டப் பாத்தே பேச்சப் புரிஞ்சிக்கக் கத்துக் குடுக்கறாங்க. ஆனா எல்லாரும் அவ மூஞ்சப் பாத்துப் பேசணும். அண்ணங்கிட்ட சொல்லுங்க."

சாயங்காலம் அண்ணன் வந்ததும் அண்ணியே சொன்னார். அண்ணன் பாப்பாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் முகவாயைத் தன் பக்கம் நிமிர்த்தினார்.

"பாப்பா, நைனா வல்லம் போயிருந்தேன். இன்னா வெயிலு தெரியுமா? மல்லாட்ட வந்திருக்குது."

அவ்வளவுதான் அவருக்குப் பேச வந்தது. பாப்பா அவர் உதட்டை விரலால் தட்டினாள். அவர் வண்டிமாடு வழியில் படுத்துக்கொண்ட கதையைச் சொன்னார். நிறுத்தினார், மறுபடி தட்டினாள். சொல்வதற்கு எதுவும் இல்லாமல் போனபோது, அண்ணன் கடையில் இருந்த சாமான்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிதானமாக, அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.