ஆராய்ச்சிக்குக் காசு கேட்ட மனு

ஆவடி தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில் சொர்ணத்தின் ஜெராக்ஸ் கடை. மனுவும் டைப் அடித்துக் கொடுப்பாள். பட்டா பெயர் மாற்றமோ, முதியோர் பென்ஷனோ, வந்தவர் பாதி சொல்வதற்குள் மீதியை அடித்து முடித்திருப்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு மனு ஒன்பது நாள் ஆனது. அது அவளுடைய சொந்த மனு.

அவள் புருஷன் கிருபாகரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவன். ஆடியில் முதுகு வலி என்றான். ஐப்பசியில் கணையத்தில் புற்று என்றார்கள். பொங்கலுக்கு ஆள் இல்லை. கடைசியாகப் பார்த்தபோது டாக்டரம்மா சொன்னது அவள் காதை விட்டுப் போகவே இல்லை. "இதுக்கு நல்ல மருந்து இன்னும் வரலைம்மா. ஆராய்ச்சி நடக்குது. கவர்மென்ட் இன்னும் காசு ஒதுக்கினா சீக்கிரம் வரலாம்."

ஒதுக்கச் சொல்லி யாராவது மனு கொடுத்தார்களா? யாரும் கேட்காமல் ஒரு தெருவிளக்குகூட வந்ததில்லையே.

அனுப்புநர் சுலபமாக வந்தது: சொர்ணம், கோவில்பதாகை. பெறுநரில் விரல் நின்றுவிட்டது. கலெக்டரா? சுகாதார மந்திரியா? டெல்லியா? அடித்தாள், அழித்தாள்.

அந்த வாரம் அதே தெருவில் குடியிருக்கும் சபீனா கடைக்கு வந்தாள். அவள் அண்ணன் அப்துல் ரசாக்குக்குத் தொண்டையில் புற்று. ஸ்கேனுக்குச் சீக்கிரம் தேதி கேட்டு மனு வேண்டுமாம். அடித்துக் கொடுத்துவிட்டு, சொர்ணம் தன் மனுவையும் படித்துக் காட்டினாள்.

"இன்னாக்கா இது?" என்றாள் சபீனா. "கீற மருந்தே எங்கண்ணனுக்குக் கெடைக்கல. நீ இல்லாத மருந்துக்குக் காசு கேக்குறியே?"

"இல்லாததால தானேடி அவரு போனாரு."

"அப்போ அந்தக் காச மொதல்ல ஆஸ்பத்திரி பெட்டுக்குக் குடுக்கட்டும். ஒரே மெஷினுக்கு எவ்ளோ பேரு வரிசைல கீறாங்க தெரியுமா?"

சபீனா சொல்வது சரி. டாக்டரம்மா சொன்னதும் சரி. ரெண்டு சரி எப்படி ஒன்றோடொன்று முட்டும்? அன்று நாலு பேருடைய ஆதார் நகலை மாற்றி மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினாள்.

கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மனு முகாம் என்று கேள்விப்பட்டு, பெறுநரை 'ஐயா அவர்கள்' என்று மட்டும் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் புரட்டினார்.

"வீட்ல யாருக்கும்மா நோய்?"

"எங்க வீட்டுக்காரருக்கு. தவறிட்டாரு சார்."

"அப்போ விதவை உதவித்தொகையா?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். ஆராய்ச்சிக்கு."

அவர் கம்ப்யூட்டரில் தேடினார். "அப்படி ஒரு தலைப்பே இல்லையேம்மா. மருத்துவ உதவின்னு போட்டுடறேன்." அவர் முகத்தில் கோபமில்லை. அவருக்கும் புரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. சிகிச்சைக்கு உதவி கோரிய நோயாளி அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டுமாம். 'கிருபாகரன்' என்று பேர் போட்டிருந்தது. சொர்ணம் அதை மூன்று தரம் படித்தாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

சபீனா கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். அண்ணனுக்கு ஸ்கேன் தேதி இன்னும் வரவில்லை. "மனுவத் திருப்பி அடிக்கா," என்றாள். "இந்தத் தபா எம்பி பேருக்குப் போடு. பெட்டும் வேணும், ஆராய்ச்சியும் வேணும்னு ரெண்டையும் எழுது. நானும் கையெழுத்துப் போடறேன்."

"நீதான் வேணாம்னியே?"

"எனுக்கு இன்னும் புரிலதான். அதுக்காக?"

ஒரே மனுவில் ரெண்டு கோரிக்கை எழுதினால் ரெண்டும் தேறாது என்று எத்தனையோ பேருக்குப் புத்தி சொன்னவள் சொர்ணம். ஆனாலும் அடித்தாள். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்கள்.

ஒப்புகை அட்டை பத்தாம் நாள் திரும்பி வந்தது. பச்சை மையில் ஒரு கிறுக்கல். எம்பியா, உதவியாளரா, வாட்ச்மேனா, பேரைப் படிக்க முடியவில்லை. யாரோ வாங்கியிருக்கிறார்கள். சொர்ணம் அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒருத்தர், "ரேஷன் கார்டு ரெண்டு காப்பி," என்று கையை நீட்டியதை அவள் கவனிக்கவே இல்லை.