தெரியாதவர்

தம்பி பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தபோது, தமிழில் பேசும் மனநல சமூகப் பணியாளரைத் தேடி அலைந்தேன். கடைசியில் ஜார்ஜ்டவுன் கிளினிக் ஒன்றில் அந்த அம்மா கிடைத்தார். குள்ளமான உருவம், ஒட்ட வெட்டிய நரைமுடி. யார் பேசினாலும் கண்ணை எடுக்காமல் கேட்பார்.

தம்பி உட்கார்ந்ததும் நம் ஆட்கள் கேட்பதையே கேட்டான்.

"அக்கா எந்த ஊரு?"

"பாகான் டாலாம்."

அது எங்கள் ஊர். சொல்வதெல்லாம் நாளைக்கே கோயில் வாசலுக்குப் போய்விடும் என்று பயந்து அவன் வாயை மூடிக்கொண்டான்.

"வெளிய எங்க பாத்தாலும் உங்களத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கமாட்டேன் லா, தம்பி," என்றார் அவர்.

தம்பி நம்பவில்லை. மறுபடி அங்கே வரவும் மறுத்துவிட்டான். தமிழ் பேசும் வேறொருவர் எனக்குக் கிடைக்கவில்லை.

அவன் சாவுக்கு அந்த அம்மா வந்தார். பெட்டியருகே வெகுநேரம் நின்றார்.

"பையனத் தெரியுமாம்மா?" என்று சித்தி கேட்டார்.

"இல்லைங்க. பக்கத்துலதான் வீடு."

என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கடந்து போனார். முதலில் எனக்குக் கோபமாக வந்தது. தம்பி அதைப் பார்த்திருந்தால் அவரிடம் பேசியிருப்பான்.