கட்டிக்குள் புகுந்தவர்கள்

அந்த முடிதிருத்துபவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தரி ஓய்ந்தாலும் அவர் வாய் ஓயாது. ஒரு காலை தன் தாடியை மழித்துக்கொண்டிருந்தபோது, கழுத்தின் இடப்பக்கம் கத்தி ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. வலி இல்லை. நெறி கட்டியிருக்கும் என்று ஒரு மாதம் ஓட்டினார். மனைவிதான் விடாப்பிடியாக மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள்.

டான்சிலில் புற்றுநோய்; கழுத்து நெறிக்கும் பரவியிருந்தது.

"பீடி சிகரெட் எதையும் தொட்டதில்லையேம்மா," என்றார் டாக்டரிடம்.

"இது வைரஸால வர்றது. பெரும்பாலும் உடலுறவு மூலமாத்தான் தொத்தும். இருபது முப்பது வருஷம்கூட கழிச்சு இப்படிக் கிளம்பும். யார்கிட்டேர்ந்துன்னு யாராலும் சொல்ல முடியாது."

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்த மனைவியை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை.

டாக்டர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். நுண்ணோக்கியில் எடுத்த கட்டியின் படம்; கடுகைச் சிதறவிட்டதுபோல் எங்கும் கருநீலப் புள்ளிகள்.

"இதெல்லாம் உங்க வெள்ளையணுக்கள். வைரஸை மோப்பம் பிடிச்சு கட்டிக்குள்ளயே புகுந்திருக்கு. இப்படிக் கூட்டமா இருந்தா சிகிச்சை நல்லா எடுபட வாய்ப்பு அதிகம்."

"இத்தனை பேர் இருந்துமா இது வளர்ந்துச்சு?"

"சண்டை போட்டுக் களைச்சுட்டாங்க. இனி நாமளும் சேர்ந்துக்குவோம்."

பேருந்து நிறுத்தத்தில் அவர் மனைவியிடம் மெல்லத் தொடங்கினார்: "கல்யாணத்துக்கு முன்னாடி ஒருத்தி..."

"தெரியும். உங்க அக்கா கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டாங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருபத்தாறு வருஷமா பாக்குறேன். ஊர்க்கதை எல்லாம் வர்ற வாயில இது மட்டும் வரல."

"கோபமா?"

"இருந்துச்சு. அப்புறம் பிள்ளைங்க பிறந்தாங்க, எங்க நேரம்? பஸ் வருது, எழுந்திரிங்க."

ஏழு வாரம் கதிர்வீச்சு. கூடவே மருந்தும் ஏற்றினார்கள். நாலாவது வாரம் குரல் போயிற்று. தண்ணீர்கூடக் கண்ணாடித்தூளாய் இறங்கியது. ஒருநாள் நோட்டில் எழுதிக் காட்டினார்: 'உள்ளே இருக்கிறவங்க வேலை செய்யிறாங்களா?'

"செய்யிறாங்க," என்று கஞ்சிக் கரண்டியை நீட்டினாள். "முழுங்குங்க. அவங்களுக்கும் பசிக்குமில்ல?"

அழுதுகொண்டே விழுங்கினார். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை. குரல் கரகரப்பாகத் திரும்பியது. வாய் அடிக்கடி வறண்டுபோகும். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். இப்போது நாற்காலியில் உட்காருகிற அப்பன்மாரிடம் எல்லாம் முதல் கேள்வி, பிள்ளைகளுக்கு அந்த வைரஸுக்கான தடுப்பூசி போட்டாச்சா என்பதுதான்.

"முடி வெட்ட வந்தவரை விரட்டி அடிக்காதீங்க," என்பாள் மனைவி. அவர் கேட்டால்தானே.