மூச்சுக்கு ஒரு கண்ணி

டெல்லியில் நர்சிங் படித்தபோது எனக்கொரு கெட்ட பழக்கம் இருந்தது. நாடியை ஒழுங்காக எண்ணுவேன். மூச்சை மட்டும் எண்ணாமலே எல்லோருக்கும் ‘நிமிடத்துக்கு இருபது’ என்று எழுதிவிடுவேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஆர்.கே.புரத்துத் தமிழ்க் குமாஸ்தா ஒருவர் எங்கள் வார்டில் நிமோனியாவோடு படுத்திருந்தார். பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, அவர் மூச்சு ஒண்ணுக்கு ஒரு கண்ணி போட்டுக்கிட்டு வரேன். இன்னிக்கு எவ்ளோ ஜல்தியா போட்டாலும் கை ஈடுகொடுக்கலையே.”

எண்ணினேன். முப்பத்தெட்டு. சார்ட்டில் நான் எழுதிய இருபது இன்னும் ஈரமாகவே இருந்தது. டாக்டரிடம் ஓடினேன். ஆக்ஸிஜன் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

அவர்கள் வீடு திரும்பிய அன்று அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லி அழுதேன்.

“இப்ப எண்ணுறேல்ல? போதும் போ,” என்று கன்னத்தைத் தட்டினார்.

இன்றும் முழு நிமிடம் எண்ணுகிறேன். எண்ணும்போது, பின்னத் தெரியாத என் விரல்கள் தாமாகவே கண்ணி போடுகின்றன.